வீட்டு வருமானம் பரவாயில்லை, மகளுக்கு ரத்தம் 8.6 தான். எங்கே தப்பு?

சாத்தூரான்:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் காலை பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் போன் செய்ததும் ஓடிப்போய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். ஹெச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 8.6 என்றார்கள். "ரத்தம் கம்மி, நல்லாச் சாப்பாடு போடுங்க" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

"நல்லாச் சாப்பாடு போடுங்க" என்ற அந்தச் சொல்தான் மனதைப் போட்டு அரிக்கிறது. சோத்துக்கு வழியில்லாத வீடு என்றால் புரிந்திருக்கும். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டி டியூ, டீசல் எல்லாம் போக மாதம் 17, 18 ஆயிரம் நிற்கும். வீட்டுக்காரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள், அது ஒரு 6 ஆயிரம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் கம்பங்கஞ்சிதான். அக்கா தங்கச்சி யாரும் மயங்கி விழவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக்கறி. ரேஷன் அரிசியைச் சோறாக வடிப்பதே இல்லை, கடையில் 25 கிலோ சிப்பம்தான் வாங்குகிறோம். அப்புறம் எப்படி இந்தப் பிள்ளைக்கு மட்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குவாத்தி:
அண்ணே, முதலில் ஒன்று. உங்கள் பிள்ளைக்கு மட்டும் இல்லை. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், அதனால் இந்த எண்களைத் தேடிப் படித்திருக்கிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019–21இல் நடந்தது. நாடு முழுக்க 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய சுற்றில் 54. அதாவது கூடியிருக்கிறது. அதே வயதுப் பையன்களில் 31. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களை எடுத்துக்கொண்டால் 55இலிருந்து 53.4க்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வருமானத்தோடு சேர்த்துப் பார்த்தால், மிக ஏழ்மையான வீட்டுப் பெண்களிடம் இது 100க்கு அறுபதைத் தாண்டுகிறது. வசதி கூடக் கூடக் குறைகிறது. ஆனால் மிக வசதியான வீடுகளில்கூடப் பாதிப்பேருக்கு இருக்கிறது. காசு இருந்தால் வராது என்று நினைப்பது தவறு. காசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதும் தவறு.

பொன்னிநெல்:
"காசு இருந்தால் வராது என்று நினைப்பது தவறு" என்று வாத்தியார் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். மாதம் 24 ஆயிரம், ஐந்து பேர் சாப்பிடும் வீடு என்றால் அதைப் "பரவாயில்லை" என்று சொல்லவே கூடாது. வாடகை, குழு லோன், கரண்டு பில், பஸ், டியூஷன், கல்யாணம் காதுகுத்து மொய் எல்லாம் கழித்துப் பாருங்கள். மிச்சத்தில்தான் அடுப்பு எரியும். குழு லோன் வாராவாரம் கட்டியே ஆகணும், அதைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட முடிவது காய்கறியும் கீரையும்தான். எங்கள் அம்மா நாற்று நட்டு வளர்த்த வீடு எங்களுடையது. தட்டு வெள்ளையாக இருக்கிற நாளெல்லாம் கையில் காசு இல்லாத நாள்தான். கூலியைக் கூட்டாமல் "கீரை சாப்பிடு" என்று அறிவுரை சொல்வது சுலபம்.

கிராமநர்ஸ்:
தம்பி பொன்னிநெல் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பிள்ளையைப் பார்ப்போம். நான் 31 வருஷம் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

சாத்தூர் தம்பி, 12க்குக் கீழே போனால் இரத்தசோகை. 8க்கும் 11க்கும் நடுவில் இருப்பது மிதமானது என்று கணக்கு. 8க்குக் கீழே என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம். உங்கள் மகள் அந்த விளிம்பில் நிற்கிறாள், அதனால் மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. "மிதமானது" என்ற பெயரைப் பார்த்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

சில கேள்விகள் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியாததை வீட்டில் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.
காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், என்ன சாப்பிட்டுவிட்டு?
மாதவிலக்கு எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றுகிறாள்?
சாப்பாட்டோடு டீ குடிப்பாளா?
வீட்டில் பச்சரிசி, சாக்பீஸ், திருநீறு எதையாவது எடுத்து மெல்லுகிறாளா?
கடைசியாகப் பூச்சி மாத்திரை எப்போது போட்டாள்?
ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறியில் அவள் தட்டுக்கு என்ன வருகிறது?

அப்புறம், உங்கள் அக்கா தங்கச்சி மயங்கி விழவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் யார் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள்? "சோம்பேறி", "எப்பப் பாரு படுத்துக் கிடக்கா" என்று திட்டு வாங்கிய பெண்களில் பாதிப்பேருக்கு இதுதான் இருந்திருக்கும். பிரசவத்தில் போனவர்களை நினைத்துப் பாருங்கள்.

சாத்தூரான்:
அக்கா, வீட்டில் கேட்டேன். இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

காலையில் 7.20 பஸ். அதைவிட்டால் அடுத்தது 8.40, பெல் அடித்துவிடும். ஒரு டம்ளர் டீயும் இரண்டு வரிக்கியும்தான். மத்தியானம் டப்பாவில் தக்காளி சோறோ புளிச்சோறோ. பத்தாவது வரைக்கும் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டாள், முட்டை கிடைத்தது. பதினொன்றாவது போனதும் அது நின்றுவிட்டது. சாயங்காலம் டியூஷன் விட்டு வந்ததும் டீ.

மாதவிலக்கு ஏழு நாள். முதல் மூன்று நாள் ரொம்பக் கஷ்டப்படுவாளாம். ஒரு வருஷமாகவே இப்படித்தானாம். எனக்குச் சொல்லவில்லை.

அரிசி விஷயம். அவள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள், "எப்பவும் சுடிதார் பாக்கெட்டுல பச்சரிசி கிடக்கும், துவைக்கும்போது கொட்டும்" என்று. "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்டீ" என்று அப்பத்தா கிண்டல் செய்வதை நானே கேட்டிருக்கிறேன். அது நோய்க்கு அடையாளமா அக்கா?

கறி. குழம்பு வைப்பாள், ஈரல் பையனுக்கு, கால் துண்டு எனக்கு, அப்பத்தாவுக்கு மெதுவான துண்டு. பிள்ளையும் அவள் அம்மாவும் கடைசியில் உட்காருவார்கள். நேற்று ராத்திரி இதை நினைத்துப் பார்த்தபோது சோறு இறங்கவில்லை.

கிராமநர்ஸ்:
அடையாளம்தான் தம்பி. இரும்புச்சத்து குறைந்த உடம்பு அரிசி, மண், சாம்பல் இப்படிக் கேட்கும். பிள்ளையைத் திட்டாதீர்கள். ரத்தம் ஏறினால் அந்த ஆசை தானாகவே போய்விடும். கல்யாணத்துக்கு மழை வரும் என்று ஊரே சிரித்துச் சிரித்து எத்தனை பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டோமோ.

டீ விஷயத்தை மாற்றினாலே பாதி வேலை. சாப்பாட்டோடு குடிக்கிற டீ, காய்கறி தானியத்தில் இருக்கிற இரும்பை உடம்பில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். அதே சோற்றில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலோ, ஒரு நெல்லிக்காய், அரைக் கொய்யாப்பழம் சேர்த்தாலோ நேர்மாறாக நன்றாக ஏறும். நெல்லிக்காய்க்குப் பெரிய செலவு இல்லை.

ஏழு நாள் ரத்தப்போக்கு, அதுவும் மூன்று நாள் அதிகம் என்பதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மா வெட்கப்பட்டால் பெண் டாக்டர் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். பாத்திரத்தில் ஓட்டை இருக்கும்போது தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்க முடியாது.

கணக்குவாத்தி:
சத்துணவு பற்றிச் சாத்தூர் அண்ணன் எழுதிய ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை, அதில் வாரத்தில் ஐந்து நாள் முட்டை. அப்புறம் கர்ப்பம் ஆனால் சத்துப் பெட்டகம், முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி. நடுவில் 16, 17 வயது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 19 போதும். அதாவது வீட்டிலேயே அதிகம் தேவைப்படுகிறவளுக்குத்தான் பள்ளியில் தட்டு எடுக்கப்படுகிறது.

மாத்திரையும் இருக்கிறது, மறுக்கவில்லை. வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, பள்ளியிலேயே தருகிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரையும் உண்டு. எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மழை நாளில் ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பார்த்தால் மண்ணெல்லாம் நீலம் கரைந்து ஓடுகிறது. பிள்ளைகள் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து வெளியே துப்பியிருக்கிறார்கள். முதலில் கோபம்தான் வந்தது. கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால், "சார், காலையில எதுவும் சாப்பிடாம வர்றோம், இதப் போட்டா குமட்டுது, வாந்தி வருது" என்கிறார்கள். நாங்கள் காலை இரண்டாவது பீரியடில் கொடுத்துக்கொண்டிருந்தோம். தப்பு எங்களுடையது. மத்தியானம் சத்துணவு முடிந்து அரை மணி கழித்து மாற்றினோம். துப்புவது பெரும்பாலும் நின்றது.

ஆனால் பதினொன்று, பன்னிரண்டில் டப்பா கொண்டுவராத பிள்ளைகளுக்கு என்ன செய்வது? மாத்திரை இலவசம், அதைத் தாங்குகிற சோறு இலவசம் இல்லை. பொன்னிநெல் தம்பி, உங்கள் வாதத்துக்கு இது வலு சேர்க்கும்.

ரேஷன்கடை:
நான் நியாயவிலைக் கடையில் விற்பனையாளர். சாத்தூர் அண்ணன் ரேஷன் அரிசி சமைப்பதில்லை என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் வந்தேன்.

சில வருஷமாக ரேஷனில் கொடுத்துவந்தது செறிவூட்டப்பட்ட, அதாவது சத்து சேர்த்த அரிசி. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ, இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்தார்கள். கலந்த அரிசியில் கிலோவுக்கு 28இலிருந்து 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. அந்த மணி கொஞ்சம் நிறம் மாறி இருக்கும், தண்ணீரில் மிதக்கும். அவ்வளவுதான், உடனே "பிளாஸ்டிக் அரிசி" என்று வாட்ஸாப்பில் வீடியோ. எங்கள் கடைக்கே ஒரு அம்மா கைப்பிடி மணியைப் பொறுக்கி முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொட்டினார். "இதுதாம்மா சத்து" என்று சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. மற்ற பாதிப்பேர் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுகிறார்கள்.

கையில் நாலு காசு வந்ததும் மக்கள் முதலில் விடுவது ரேஷன் அரிசியைத்தான். மாவு அரைக்கவும் மாட்டுக்கும் போகிறது. தட்டில் பாலிஷ் போட்ட வெள்ளை அரிசி.

சாத்தூரான்:
எங்கள் வீட்டிலும் கோழிக்குத்தான் போகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

கணக்குவாத்தி:
அண்ணே, நீங்கள் முதல் பதிவில் கம்பங்கஞ்சியை வறுமைக் கணக்கில் எழுதினீர்கள். உணவுச் சத்து அட்டவணையில் 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. பாலிஷ் அரிசியில் ஒன்றுகூட இல்லை. கம்பில் இருப்பது முழுவதும் உடம்பில் ஏறாதுதான். ஆனாலும் உங்கள் வீட்டு வருமானம் கூடியபோது தட்டிலிருந்து போனவை கம்பும் ரேஷன் அரிசியும். வந்தவை வெள்ளைச்சோறு, வரிக்கி, டீ. கோழிக்கறி வந்தது, அது ஆண்கள் பக்கம் நின்றுவிட்டது.

அண்ணாநகர்_அம்மா:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று தயக்கம். எங்கள் வீட்டில் பணக் கஷ்டம் இல்லை. இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம். சைவம். என் பெண்ணுக்குப் போன வருஷம் 9.8. முடி கொட்டுகிறது என்று கூட்டிப்போனோம், அங்கேதான் தெரிந்தது. சாப்பிட்டதும் ஃபில்டர் காபி எங்கள் வீட்டு வழக்கம், அவளும் பத்தாவதிலிருந்து குடிக்கிறாள். மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் நீடிப்பதை நானே "இந்த வயதில் அப்படித்தான்" என்று விட்டிருந்தேன்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரே வாரத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கிற இரும்புச் சேமிப்பு), பி12, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்தோம். ஒரு மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் 12.3. யாருக்கும் லீவு போட்டால் கூலி போகும் என்ற கவலை இல்லை. எங்கள் வீட்டிலும் வந்தது, ஆனால் தங்கவில்லை. உங்கள் எல்லோருடைய பதிவையும் படித்தபிறகு, காசு வேலை செய்கிற இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

பொன்னிநெல்:
அக்கா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்ல வரவில்லை. எங்கள் அம்மா ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ரத்தம் குத்த ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள், டாக்டர் இல்லை என்றால் மூன்றாவது நாள். அதனால் மாத்திரை தீர்ந்ததும் திரும்பப் போகவே மாட்டார்கள்.

நூல்கண்டு:
வணக்கம். நான் இதுவரை இங்கே எழுதியதில்லை. இப்போது திருப்பூரில் டெய்லராக இருக்கிறேன், வயது 29. பதினாறு வயதில் ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்தேன். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம் தருவார்கள், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஊருக்குள் வந்து ஆள் எடுப்பார்கள். சுமங்கலித் திட்டம் என்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள்.

எல்லோரும் வீட்டு வருமானம் என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டு வருமானம் கூடியது நான் மில்லுக்குப் போன பிறகுதான். ஓட்டுவீடு தளம் ஆனது, தம்பி பாலிடெக்னிக் சேர்ந்தான். ஆய்வுக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்தால் முன்னேறிய குடும்பம் என்று எழுதுவார்கள். நான் ஹாஸ்டலில் தண்ணிச் சாம்பாரும் பெரிய அரிசிச் சோறும் சாப்பிட்டேன். நைட் ஷிப்டு முடிந்து வந்தால் தூக்கம்தான் வேண்டும், சோறு வேண்டாம். மாதவிலக்கு நாளில் ஃபிரேம் (நூல் நூற்கிற மிஷின்) பக்கத்தில் நிற்க முடியாமல் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஒரு வலி மாத்திரை கொடுப்பார். என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது வருஷம் மிஷின் முன்னால் விழுந்தேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அம்மா கண் ரப்பையை இழுத்துப் பார்த்துவிட்டு அழுதார்கள், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் 6.9. ரத்தம் ஏற்றினார்கள்.

மயங்கி விழுந்ததால் மில்லிலிருந்து நின்றேன். முழுப் பணம் வரவில்லை. சாத்தூர் அண்ணே, உங்கள் மகள் பள்ளியில் விழுந்தாள், டீச்சர் உடனே போன் செய்தார். அதுவே பெரிய விஷயம்.

சாத்தூரான்:
தங்கச்சி, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் நல்லா இருக்கணும்.

கிராமநர்ஸ்:
மகளே, இப்போது உங்களுக்கு ஹெச்.பி. எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் நகர்ப்புற சுகாதார நிலையம் இருக்கும், செலவில்லாமல் பார்க்கலாம். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.

நூல்கண்டு:
போன வருஷம் 10.8 அக்கா. இந்த ஞாயிறு போகிறேன்.

கரிசல்பெண்:
என் வீட்டில் மாறிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் என் கணக்கில் வருகிறது. அவர் சம்பளத்தில் முட்டை வாங்கினால் "இன்னைக்கு எதுக்கு முட்டை" என்ற கேள்வி வரும். இந்தப் பணத்தில் வாங்கினால் யாரும் கேட்பதில்லை. மாசம் இரண்டு அட்டை முட்டை, அரைக் கிலோ பொட்டுக்கடலை, பெண்ணுக்கு என்று எண்ணி எடுத்து வைக்கிறேன். ஒரே வீடு, ஒரே வருமானம், யார் கையில் வருகிறது என்பதுதான்.

கிராமநர்ஸ்:
நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. ஒரு திருத்தம் மட்டும். முட்டை புரதத்துக்கும் பி12க்கும் நல்லது, ஆனால் அதில் இருக்கிற இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. பீட்ரூட்டையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நினைக்கிறார்கள், அதில் இரும்பு மிகக் குறைவு. கறி சாப்பிடுகிற வீடு என்றால் கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல் கேளுங்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். தனிக்கறி வாங்குகிற செலவு ஆகாது. மிளகு தட்டிப்போட்டு வதக்கினால் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். நம் பாட்டிமார் வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களியோடு இதையும்தான் கொடுத்தார்கள். பதினாறு நாள் ராணி மாதிரி ஊட்டிவிட்டு, பதினேழாம் நாள் பழைய இடத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். மாதவிலக்கு மாதா மாதம் வருகிறதே.

சுவரொட்டி மருந்துக்குப் பதில் ஆகாது. 8.6ஐச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது, மாத்திரை வேண்டும்.

சாத்தூரான்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று திரும்பக் குத்திப் பார்த்தோம், 10.1. பெண் டாக்டரிடம் காட்டினோம், ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார், அடுத்த மாதம் வரச் சொன்னார். இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுகிறாள், குமட்டல் குறைவு. 7.20 பஸ்ஸுக்கு முன்னால் கம்மங்கூழ் ஒரு சொம்பு, மோர் ஊற்றாமல் எலுமிச்சை பிழிந்து. முதல் வாரம் முகம் சுளித்தாள். ரேஷன் அரிசியில்தான் இப்போது சோறு, கஞ்சியை வடித்துக் கொட்டாமல் வைக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோம். அப்பத்தாவுக்குத்தான் பிடிக்கவில்லை. ஈரலை மகள் தட்டில் வைத்ததும் பையன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவனே எடுத்து வைத்தான்.

வாத்தியார் சார், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு கேட்டுத் தீர்மானம் போட முடியுமா? நான் கூட்டத்துக்கு வருகிறேன். எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள்.

கணக்குவாத்தி:
முடியும் அண்ணே. எத்தனை பிள்ளைகள் டப்பா இல்லாமல் வருகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி, அந்த எண்ணோடு எழுதுவோம். எங்கள் பள்ளியில் திங்கட்கிழமையிலிருந்து நான் எண்ண ஆரம்பிக்கிறேன், உங்கள் ஊரில் நீங்கள் டீச்சரிடம் பேசுங்கள்.

கிராமநர்ஸ்:
10.1 வந்ததும் நிறுத்திவிடாதீர்கள் தம்பி. 12ஐத் தொட்ட பிறகும் உடம்பில் இரும்புச் சேமிப்பு நிறையச் சில மாதம் ஆகும். டாக்டர் சொல்லும்வரை போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். அவள் அம்மாவுக்கும் ஒரு தடவை குத்திப் பாருங்கள். கடைசியில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

சாத்தூரான்:
நாளைக்கு ஆபீசுக்கு லீவு சொல்லச் சொல்லியிருக்கிறேன் அக்கா. காலையிலேயே கூட்டிப்போகிறேன்.